சரிகை கட்டிய பாசி

எனக்குக் கோர்வையாக எழுத வராது. தாமல் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். அதற்குப் பிறகு கை எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டும் இரண்டொரு கடிதாசியும்தான். இப்போது மறதி வேறு. ஒன்றைச் சொல்லப் போய் இன்னொன்றில் நிற்பேன். முன்னே பின்னே இருந்தால் படிக்கிறவர்கள் மன்னித்துக்கொள்ள வேண்டும்.

என் மகள் வீட்டில் மீன் தொட்டி வாங்கியிருக்கிறார்கள். போன வாரம் போனில் கேட்டாள். "செலவு ஜாஸ்தி இல்லாம இன்னா லைட்டும்மா போடலாம்? சாகாத செடி எதும்மா? நீ தொட்டி வெச்சிருந்தியாமே, அப்பா சொல்லிக்கினு இருப்பாரே." வேலம்பாசி போடு, ஒரு டியூப்லைட் போதும் என்று சொல்லி வைத்துவிட்டேன். மீதியைச் சொல்ல வாய் வரவில்லை. ஏனென்றால் மீதி அவளைப் பற்றியது. அப்போது அவளுக்கு ஆறு மாதம்.

எழுபத்திரண்டு, எழுபத்துமூன்று வாக்கில் இருக்கும். காஞ்சிபுரத்தில் நான் வாழ்க்கைப்பட்ட வீடு ரயில் பெட்டி மாதிரி நீளமான வீடு. முன்னே கூடம், நடுவில் தறி, பின்னே சமையல், அதற்கும் பின்னே கிணறு. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். தறிக்கு நேர் மேலே ஒரே ஒரு கண்ணாடி ஓடு. அதன் வழியாக உச்சி வேளையில் ஒரு பாய் அகலம் வெயில் விழும். அது நகர்ந்து போய்விட்டால் பட்டப்பகலிலும் வீட்டுக்குள் ஒருவர் முகம் ஒருவருக்கு மங்கலாகத்தான் தெரியும். மாமியார், மாமனார், என் வீட்டுக்காரர், நான், கைக்குழந்தை. அப்புறம் என் நாத்தனார்.

நாத்தனார் என் வீட்டுக்காரருக்குத் தங்கை. என் வயதுதான். செவிலிமேட்டில் கொடுத்திருந்தார்கள். பிள்ளை பெற்றாள், இருபதாம் நாள் பிள்ளை போய்விட்டது. மூன்று மாதம் பார்த்துவிட்டு அவர்கள் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். அவள் அழவில்லை. பேசவில்லை. தட்டை வைத்தால் சாப்பிடுவாள், எழுப்பினால் எழுந்திருப்பாள். மற்ற நேரமெல்லாம் கூடத்துச் சுவரில் சாய்ந்து எதையாவது ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் பார்க்கிற இடத்தில் யாரும் உட்கார மாட்டோம். யாரும் சொல்லி வைத்தது இல்லை. தானாகவே அப்படி ஆயிற்று.

பெரியாஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா, "கண்ணுக்கு நேரா அசையற உயிர் எதாவது வையுங்க, பார்வை திரும்பும்" என்று சொன்னாராம். என் வீட்டுக்காரர் புடவை கொடுக்க மெட்ராஸுக்குப் போனவர் மூர்மார்க்கெட்டிலிருந்து தகரச் சட்டம் போட்ட கண்ணாடித் தொட்டி ஒன்றையும் எட்டு மீனையும் வாங்கி வந்தார். பஸ்ஸில் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு, தொட்டிக்குள் மீன் இருந்த பாலிதீன் பையை வைத்துக்கொண்டு வந்தாராம். நாலு தங்க மீன், இரண்டு கறுப்பு, கோடு போட்டது இரண்டு.

மாமனார் தறிக்குழியில் கால் விட்டபடியே பார்த்தார். "இது எத்தினி முழம்பா நெய்யும்?" என்று கேட்டார்.

"தங்கச்சி பாத்துக்கினு இருக்கட்டும்பா."

"அவ பாக்கறதுக்கு நாம போதல, மீனு வேணுமா."

ஆனால் அன்றைக்கே அவள் பார்த்தாள். தங்க மீன் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனது. அவள் கண்ணும் கூடவே போனது. நான்கு மாதத்தில் அவள் கண் நகர்ந்து அப்போதுதான் பார்த்தோம். மாமியார் உள்ளே போய் அடுப்புக்கு எதிரில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். மீனைக் காப்பாற்றுகிற வேலை என் தலையில் விழுந்தது. யாரும் சொல்லவில்லை. நானே எடுத்துக்கொண்டேன்.

இருட்டு வீட்டில் மீன் வைப்பது லேசான காரியம் இல்லை. மீன்கூட இருந்துவிடும், செடி இருக்காது. கூட வந்த அகல இலைச் செடி ஒரு வாரத்தில் கீரை வெந்த மாதிரி குழைந்து போயிற்று. தண்ணீர் நாறியது. முதலில் சுவரில் மாட்டுகிற சின்ன ராத்திரி விளக்கை மேலே தொங்கவிட்டுப் பார்த்தோம். செலவே இல்லை, ஆனால் மீனுக்கு வழி தெரியுமே தவிர செடிக்கு அது சாப்பாடு ஆகாது. அப்புறம் நாற்பது வாட் குண்டு பல்பு. சூடு. தொட்டி மேல் தண்ணீர் கை பொறுக்கிற வெந்நீராகிவிடும். ஒரு நாள் கண்ணாடியைத் துடைத்த ஈரக்கை பட்டு பல்பு பட்டென்று வெடித்தது. கண்ணாடி ஓட்டுக்கு நேரே வைத்தோம். அந்த ஒரு பாய் வெயிலில் பத்தே நாளில் தண்ணீர் பச்சைக் குழம்பாகி மீன் இருக்கிற இடமே தெரியவில்லை. அந்தப் பத்து நாளும் நாத்தனார் பழையபடி சுவரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

என் வீட்டுக்காரர்தான் கடைசியில் சொன்னார். "தறிக்குன்னு டியூப்லைட்டு எரியிது. அதும் பக்கத்துல வெச்சிட்டா மீனுக்கும் சேத்து எரிஞ்சிட்டுப் போவுது." தறிக்கு வலக்கைப் பக்கம் மர ஸ்டூல் போட்டுத் தொட்டியை வைத்தோம். அதுதான் சரியாக வந்தது. டியூப்லைட் சூடு இல்லை, வெளிச்சம் பரவி விழும், புதிதாக ஒரு காசும் வேண்டாம். நாத்தனாரும் கூடத்திலிருந்து தறி அறைக்கு வந்துவிட்டாள். மாமனார் நெய்வார், அவருக்கு எதிரில் அவள் தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பொழுது சாய்கிற நேரத்தில் கரண்டு இறங்கும். டியூப்லைட் இரண்டு முனையும் சிவந்து துடிக்கும். அப்போது தொட்டித் தண்ணீர் துடிக்கும், மீனின் நிழல் சுவரில் ஆள் உயரத்துக்கு வந்துவந்து போகும், நடுவில் அவள் முகம் மட்டும் அசையாமல் இருக்கும். நான் விளக்கேற்றும் சாக்கில் அந்த அறையைக் குறுக்கே ஓடிக் கடப்பேன்.

செடிக்கு நான் என் அண்ணனுக்குக் கடிதாசி போட்டேன். எங்கள் ஊர் ஏரியில் குளிக்கிறபோது காலைச் சுற்றுமே, அந்த வேலம்பாசி வேண்டும் என்று. ஈரச் சாக்கில் சுற்றி ஒரு கட்டுப் பாசி கொண்டுவந்து போட்டுவிட்டு, "ஊருல இதப் புடுங்கி எறியறாங்க, நீ லைட்டு போட்டு வளக்கிற" என்று சிரித்துவிட்டுப் போனார். வேலம்பாசிக்கு வேர் வேண்டாம், மண் வேண்டாம், கால் முழம் ஒடித்துப் போட்டாலும் அதுபாட்டுக்கு வளரும். அதோடு ஏரி நத்தையும் பத்துப் பன்னிரண்டு வந்தது; மிளகு அளவு. அழுக்கைத் தின்னும் என்று விட்டுவிட்டேன்.

பாசிக்கு ஒரே குறை, மிதக்கும். கல்லில் கட்டினால்தான் அடியில் நிற்கும். பருத்தி நூலில் கட்டினேன். இற்றுப்போய் மேலே வந்துவிட்டது. பட்டு நூலைத் தொட பயம். அந்த வருடம் எங்கள் வீட்டில் மட்ட ரகத்தில் ஒரு சரிகைப் புடவை போட்டிருந்தார்கள். கரை நெய்து முடித்து வெட்டிய சரிகைத் துண்டுகள் தறிக்கு அடியில் ஒரு டப்பாவில் கிடக்கும். அந்த டப்பாவை யாரும் தொடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். மகாலட்சுமி என்பார் மாமியார். நான் அதிலிருந்து ஒரு பிடி எடுத்தேன். கம்பி மாதிரி முறுக்கினால் நிற்கும், இற்றுப்போகாது என்று எடுத்தேன். அது மட்டும்தான் காரணம்.

ஆனால் அதைக் கட்டித் தண்ணீரில் விட்டதும் டியூப்லைட் வெளிச்சத்தில் அடியில் பொன்னாக மின்னியது. நாத்தனார் கழுத்தை முன்னால் நீட்டி அதைப் பார்த்தாள். உதடு கொஞ்சம் பிரிந்தது. சிரிப்பு என்று சொல்ல மாட்டேன், சிரிப்புக்குப் பக்கத்தில் ஏதோ. நான் அடுத்த நாள் இன்னொரு பிடி எடுத்தேன். கல்லுக்கு ஒரு முடிச்சு போதும், நான் பூச்சரம் மாதிரி சுற்றிச் சுற்றிக் கட்டினேன். பாசித் தழைகள் எல்லாவற்றிலும் கட்டினேன்.

இரண்டு மூன்று வாரம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் ஒரு காலையில் மாமனார் கத்தினார். தறியில் பாதி நெய்த அரக்குப் புடவை மேல், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு, வெள்ளி எழுதிய மாதிரி ஒரு கோடு. கோட்டின் முனையில் ஒரு நத்தை, ஓட்டுக்குள் சுருண்டு செத்திருந்தது. நத்தைகள் தண்ணீரை விட்டு ஏறி வந்திருந்தன. சுவரில் நாலு, ஸ்டூல் காலில் இரண்டு, ஒன்று குழந்தையின் தூளிக் கயிற்றில். தண்ணீரில் பிறந்த ஜந்து எதற்கு வறண்ட சுவரில் ஏறிச் சாகும்? எதைப் பார்த்துப் பயந்து ஓடி வந்தது? மாமியார் நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தார். அவள் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மத்தியானம் அவள் முதல் முறையாகக் கையை நீட்டினாள். ஆள்காட்டி விரலைக் கண்ணாடியில் வைத்தாள். நகம் பட்டு டிக் என்றது. அந்தப் பக்கம் ஒரு தங்க மீன் நின்றிருந்தது. மீன் நகர, விரலும் நகர்ந்தது. அதைத்தான் தொடர்ந்தது, வேறெதையும் இல்லை. விடிந்து பார்த்தால் அந்த மீன் செத்து மிதந்தது.

என் வீட்டுக்காரர் தண்ணீர் மாற்றினார். கிணற்றுத் தண்ணீர் விட்டதும் இரண்டு நாள் மீன்கள் துள்ளின. மூன்றாம் நாள் மறுபடியும் டிக் என்று சத்தம் கேட்டது. நான் அடுக்களையில் இருந்தேன், அங்கேயே கேட்டது. இந்த முறை கறுப்பு மீன். மறுநாள் அது போயிற்று. இப்படியே நாலு. நாலும் அவள் விரல் வைத்தது. விரல் வைக்காத மீன் ஒன்றுகூடச் சாகவில்லை. அந்த டிக் சத்தத்துக்கு நான் எப்படி ஆகிவிட்டேன் என்றால், பாத்திரத்தில் கரண்டி பட்டால்கூட உடம்பு தூக்கிப்போடும்.

எதிர்வீட்டு அம்மாள் மோர் வாங்குகிற மாதிரி வந்து எட்டிப் பார்த்தார். "இன்னா அக்கா, உங்க வூட்டு மீனுக்கு எமன் உள்ளாறயே குந்திக்கினு இருக்கான் போல?"

"வாய மூடுமா" என்றார் மாமியார்.

"நான் மூடிக்கறேன். தெருவு மூடுமா? சின்னப்புள்ள இருக்கற வூடு, அதான் சொல்றேன். பெத்தது போனப்ப கூட நின்னது எதோ, அது அவளோடவே வந்துருக்குது."

மாமியார் மோர் ஊற்றவில்லை. அந்த அம்மாள் கேட்கவும் இல்லை.

இதற்குப் பிறகு நடந்ததை எழுதத்தான் கை வரவில்லை. சாயங்காலம், கரண்டு இறங்கி லைட் துடிக்கிற நேரம். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அறையைக் கடந்தேன். நாத்தனார் தொட்டியிலிருந்து முகத்தைத் திருப்பினாள். மெதுவாகக் கையைத் தூக்கினாள். அதே விரல். என் குழந்தையை நோக்கி நீட்டினாள். நான் இரண்டடி நகர்ந்தேன். விரலும் நகர்ந்தது.

மாமியார் பின்னாலிருந்து பாய்ந்து வந்து குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினார். அன்றைக்கு இருட்டுவதற்குள் முடிவு செய்துவிட்டார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்தில் ஒருவர் பேய் ஓட்டுகிறவர். வருகிற அமாவாசைக்கு அவளை அங்கே கொண்டுபோய் விடுவது. அமாவாசை அன்று தறி ஓடாது, எல்லோருக்கும் ஓய்வு, வண்டி கட்டிக்கொண்டு போகலாம். எங்கள் தெருக்கோடியில் ஒரு பெண்ணை அங்கேதான் கொண்டுபோனார்கள். தலையை மழித்து, காலில் சங்கிலித் தழும்போடு, முதுகில் சூட்டுக் காயத்தோடு திரும்பி வந்தாள். அதற்கு முன்னால் சும்மா அழுதுகொண்டிருந்தவள், அதற்குப் பிறகு அழக்கூட இல்லை.

என் வீட்டுக்காரர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "வேணாம்மா. அங்க போனா இருக்கறதும் போயிடும்."

"உன் பொண்ணு மேல கைய நீட்டனாடா. அப்ப உன் பொண்ணு போனா பரவால்லயா?"

அவர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். நானும் அவர் பக்கம் நிற்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அவள் போனால் போதும் என்றுதான் இருந்தது. தூளியை அடுக்களைக்குள் கட்டிக்கொண்டேன்.

அமாவாசைக்கு முந்தின நாள் படையலுக்குப் பித்தளைப் பாத்திரம் எல்லாம் எடுத்துக் கிணற்றடியில் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். நடுப்பகல். ஈயப் பூச்சு போன ஒரு அடுக்குப் பாத்திரத்தின் உள்விளிம்பில் பச்சையாகப் பூத்திருந்தது.

மாமியார் குனிந்து பார்த்தார். "அது களிம்புமா. நல்லாத் தேயி. கொழந்த வாயில பட்டா வெசம்."

இதை என் அம்மா ஆயிரம் முறை சொல்லியிருக்கிறாள். ஈயம் போன பாத்திரத்தில் ரசம் வைக்காதே, களிம்பு ஏறும், வயிறு போகும். தெரிந்ததுதான். ஆனால் அன்றைக்கு அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இதே பச்சையை வேறு எங்கோ பார்த்திருக்கிறேன், எங்கே என்று தெரியவில்லை. கையில் புளி காய்ந்து போகிற வரைக்கும் யோசித்தேன். அப்புறம் எழுந்து தறி அறைக்குப் போனேன். நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்க்காமல் தொட்டிக்குள் கையை விட்டு ஒரு பாசிக் கட்டை எடுத்தேன். நான் கட்டிய சரிகையில் பொன்னைக் காணோம். முடிச்சு முடிச்சாகப் பச்சை. விரலில் பொடியாக ஒட்டியது.

கிணற்றடிக்குக் கொண்டுவந்து புளி வைத்துத் தேய்த்தேன். சிவப்பாகப் பளபளவென்று வந்தது, செம்புச் சொம்பு தேய்த்தால் வருகிற அதே சிவப்பு.

எனக்கு அப்போது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கியது. தண்ணீர் மாற்றினால் இரண்டு நாள் பிழைத்ததும், நத்தைகள் தண்ணீரை விட்டு ஓடியதும். அவள் நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறவள். எந்த மீன் சோர்கிறது என்பது எங்களுக்கு முன்னால் அவளுக்குத் தெரியும். அதைத்தான் காட்டியிருக்கிறாள். வாய் இல்லாதவள் விரலால் சொன்னாள். விஷத்தை வைத்தவள் நான். நாளைக்குச் சங்கிலிக்குப் போகிறவள் அவள்.

மாமனார் எதிரில் நான் பேசியதே கிடையாது. எங்கள் பக்கத்து வழக்கம் அது. சோறு ஆயிற்று என்றால் கதவில் வளையலைத் தட்டுவேன், அவர் எழுந்து வருவார். கல்யாணமாகி மூன்று வருடத்தில் என் குரல் அவருக்குத் தெரியுமோ தெரியாதோ. ஈரப் புடவையோடு தறிக்கு எதிரில் போய் நின்றேன். உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். பாதி பச்சை, பாதி சிவப்பு.

அவர் தறியில் ஓடிக்கொண்டிருந்த நாடாவை நிறுத்தினார். "எங்கேர்ந்துமா இது?"

வளையலைத் தட்டினால் புரியாது. "தொட்டியில இருந்து, மாமா. நான்தான் கட்டனேன். டப்பாவுல எடுத்து."

மாமியார் வாசற்படியில் வந்து நின்றார். "இன்னாது, டப்பாவுலியா கைய வெச்ச?"

"இரு" என்றார் மாமனார். அதை வாங்கி நகத்தால் கீறினார். வெளிச்சத்தில் பிடித்தார். சரிகையைக் கையில் எடுத்தால் அவருக்கு வேறு முகம் வந்துவிடும். "மட்டச் சரிகை. மேலதான் முலாம், உள்ள செம்புக் கம்பி. தண்ணில ஊறனா களிம்புதான் கக்கும்." தொட்டியைப் பார்த்தார். "எத்தினி கட்டனேமா?"

"எல்லாத்துலயும், மாமா. பாப்பா பாத்துச்சின்னு." நாத்தனாரைப் பாப்பா என்றுதான் வீட்டில் கூப்பிடுவார்கள்.

என் வீட்டுக்காரர் தொட்டியருகே போய்ப் பாசிக் கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் போட்டார். எல்லாவற்றிலும் பச்சை.

மாமியார்தான் கேட்டார். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. "சரி. மீனு களிம்புல செத்துது. கொழந்தய எதுக்கு காட்னா?"

மாமனார் என்னைப் பார்த்தார். சோர்ந்து போவதைத்தான் காட்டுகிறாள் என்றால், என் குழந்தையை ஏன் காட்டினாள்? இல்லை, பறிகொடுத்தவள் பிள்ளையைக் கொடு என்று கேட்டாளா? இரண்டில் ஒன்றைத்தான் நான் நம்ப முடியும். நாளைக்கு வண்டி வருகிறது.

நான் அடுக்களைக்குப் போனேன். தூளியிலிருந்து குழந்தையை எடுத்தேன். தூங்கிக்கொண்டிருந்தது. எடுத்து வந்து, என் மாமியார் "ஏய், ஏய்" என்று சொல்லிக்கொண்டே இருக்க, நாத்தனார் மடியில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன். கையை எடுப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

அவள் குனிந்து பார்த்தாள். விரலைத் தூக்கினாள். குழந்தையின் நெற்றிக்கு நேரே கொண்டுபோனாள். என் காதில் டிக் என்று கேட்டது. அது என் மனசுக்குள் கேட்ட சத்தம், வேறு யாருக்கும் கேட்டிருக்காது. விரல் நெற்றியில் பட்டது, மூக்கில் இறங்கியது, உதட்டில் நின்றது. குழந்தை விழித்துக்கொண்டு அந்த விரலைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது. நாத்தனார் விரலை இழுத்துக்கொள்ளவில்லை. அப்படியே இருந்தார்கள் இரண்டு பேரும். அவள் முழங்கால் ஆட ஆரம்பித்தது, பிள்ளையைத் தாலாட்டுகிற மாதிரி.

மாமனார் நாடாவை எடுத்துக்கொண்டார். "வண்டிக்காரன்கிட்ட நாளைக்கி வேணாம்னு சொல்லிட்டு வாடா" என்றார் மகனிடம்.

"எத்தினி நாளைக்கி?" என்றார் மாமியார்.

"அடுத்த அமாவாசைக்குப் பாப்பம்."

இதோடு முடிந்தது என்று எழுதிவிட ஆசைதான். முடியவில்லை. தொட்டியை மூன்று முறை கழுவினோம், புதுப் பாசி போட்டோம், கல்லில் அழுத்தி வைத்தோம், எதையும் கட்டவில்லை. மூன்றாம் நாள் விடியலில் நான் வாசல் தெளிக்க எழுந்தபோது நாத்தனார் எனக்கு முன்னால் தொட்டிக்கு முன் உட்கார்ந்திருந்தாள். விரல் கண்ணாடியில் இருந்தது. அந்தப் பக்கம் கோடு போட்ட மீன், ஒருக்களித்துச் சாய்ந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் அசைவு நின்றுவிட்டது. வீட்டில் வேறு யாரும் இன்னும் எழுந்திருக்கவில்லை. நான் அதை முந்தானையில் எடுத்துக்கொண்டு போய்க் கிணற்றடி வாழைக்குக் கீழே புதைத்தேன். கோடு போட்டது ஒன்றைக் காணோமே என்று என் வீட்டுக்காரர் கேட்டபோது, பாசிக்குள் ஒளிந்திருக்கும் என்று சொன்னேன். நாத்தனார் என்னைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்கவில்லை.

அந்த ஒரு மாதம் நான் பட்ட பாடு யாருக்கும் தெரியாது. பகலெல்லாம் குழந்தையை அவள் மடியில் விடுவேன், விட்டாக வேண்டும், நானே செய்து காட்டியது. ஆனால் மணிக்கு ஒரு தரம் வந்து அதன் மூக்கில் விரல் வைத்து மூச்சுப் பார்ப்பேன். அவள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். குழந்தைக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. அடுத்த அமாவாசை வந்து போயிற்று. வண்டியைப் பற்றி யாரும் பேசவில்லை. மிச்சமிருந்த மூன்று மீனும் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தன.

நாத்தனார் முதலில் பேசியது தை மாதத்தில். என்னிடம்தான். "அண்ணி, லைட்ட கொஞ்சம் எறக்கி மாட்டச் சொல்லு. கீழ் பாசிக்கி எட்டல." நான் கையிலிருந்த சொம்பைக் கீழே போட்டுவிட்டேன். பிறகு இறக்கி மாட்டினோம். அவள் சொன்னது சரிதான், அதற்குப் பிறகு பாசி அடியிலிருந்து தழைத்தது. ஏரித் தண்ணீரில் வளரும் கொட்டிக்கிழங்கு ஒன்றும் ஊரிலிருந்து வரவழைத்து வைத்தோம். அதுவும் சாகாத ஜாதி. இதையெல்லாம் மகளுக்குச் சொல்லலாம். டியூப்லைட் ஒன்றரை முழ உயரத்தில் இருக்கட்டும், வெயில் நேராக விழ வேண்டாம், வேலம்பாசியும் கொட்டியும் போதும்.

நாத்தனார் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகின்றன. என் மகளை அவள்தான் பாதி வளர்த்தாள். கோடு போட்ட மீனைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் ஒரு நாளும் பேசிக்கொண்டது இல்லை.

நான் எழுதியதில் தப்பு இருக்கலாம். நத்தை ஏறியது முதல் மீன் சாவதற்கு முன்னாலா பின்னாலா என்றுகூட இப்போது எழுதும்போது சந்தேகம் வருகிறது. மீன் வளர்ப்பில் தெரிந்தவர்கள் யாராவது இதைச் சரிபார்த்துச் சொல்ல வேண்டும். மட்டச் சரிகைக் களிம்பில் மீன் சாகுமா? தொட்டியை மூன்று தரம் கழுவின பிறகும், முன்னால் தின்ற விஷத்தால் மூன்றாம் நாள் ஒன்று சாகுமா? சாகும் என்றால் நான் நிம்மதியாக இருப்பேன். அதை நம்பித்தான் என் பிள்ளையை அவள் மடியில் வைத்தேன். சாகாது என்றால், எனக்கு மட்டும் சொல்லுங்கள். என் மகளுக்கு வேண்டாம்.